காபுரேற்றரும் எரிபொருள் உட்செலுத்தலும்: மோட்டார்ச் சைக்கிள் வரலாற்றில் ஒரு தெரிவு

இயந்திரங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பலர், புதியது தோன்றிப் பழையதை வென்ற கதையாகவே அதனை எழுதி முடித்துவிடுகின்றனர். பாய்க்கப்பலை நீராவிக் கப்பல் வென்றது என்றும், எண்ணெய் விளக்கை மின்விளக்கு வென்றது என்றும் கூறுமிடத்து, வென்றதன் காரணமும் தோற்றதன் தகுதியும் ஆராயப்படாது போகின்றன. மோட்டார்ச் சைக்கிளின் பொறிக்கு எரிபொருளை ஊட்டும் முறைகளுள் காபுரேற்றர் ஏறக்குறைய நூறாண்டு ஆட்சி செலுத்தியது. அதன் இடத்தை எரிபொருள் உட்செலுத்தல் இன்று பெற்றுள்ளது. எனினும், பின்னையது தோன்றியபொழுதே முன்னையது மறைந்துவிடவில்லை. பந்தயத் திடலிலும் சந்தையிலும் உட்செலுத்தலை ஏற்றும், கைவிட்டும், மீண்டும் ஏற்றும் வந்த காலம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகும். அக்காலத்தில் இவ்விரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தோர் எக்காரணம் பற்றி அதனைத் தெரிந்தனர் என்பது ஆராயத்தக்கது.

ஊட்டலின் இலக்கணம்

பெற்றோல் திரவ நிலையில் நன்கு எரிவதில்லை. அது நுண்டுளிகளாகி, ஆவியாகி, வளியோடு கலத்தல் வேண்டும். ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும் என்பது இரசாயனக் கணக்கு. வளி மிகுந்தால் பொறி சூடேறித் தடுமாறும். பெற்றோல் மிகுந்தால் எரியாது எஞ்சிய ஐதரோகாபனும் நச்சு வாயுவாகிய காபனோரொட்சைட்டும் புகையோடு வெளிவரும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி பொறிக்கும் பொருந்தும். ஆகவே, ஊட்டும் கருவி எதுவாயினும், கணந்தோறும் உட்புகும் வளியை அளந்து அதற்கேற்ற பெற்றோலைக் கொடுத்தலே அதன் கடமை. குளிர்ந்திருக்கும் பொறியைக் கிளப்பும்போதும், வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போதும் செறிந்த கலவை வேண்டும். சீராக ஓடும்போது ஐதான கலவை போதும். இதனால் அக்கடமை எளிதன்று.

காபுரேற்றரின் தோற்றமும் சிறப்பும்

1885 ஆம் ஆண்டில் ஜேர்மனியைச் சேர்ந்த கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் மரச்சட்டத்திற் பொறியைப் பொருத்தி ஓட்டிய வண்டியே மோட்டார்ச் சைக்கிளின் முன்னோடி எனப்படுகின்றது. 1894 இல் மியூனிக் நகரத்து ஹில்டெபிரான்ட் வொல்ப்மியூலர் நிறுவனம், விற்பனைக்கெனத் தொகையாகச் செய்த முதல் மோட்டார்ச் சைக்கிளை வெளியிட்டது. இவ்விரண்டிலும் பெற்றோலின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் வளி அதன் ஆவியை வாரிக்கொண்டு பொறியை அடைந்தது. இம்முறையிற் குறைகள் பல. பெற்றோலின் இலேசான கூறுகள் முதலில் ஆவியாகிவிட, பாரமான கூறுகள் கலத்தில் எஞ்சின. வெயிலும் குளிரும் வீதியின் குலுக்கலும் கலவையை மாற்றின.

இக்குறையைத் தீர்க்கும் வழி 1893 இல் இரு நாடுகளில் தோன்றியது. புடாபெஸ்ட் நகரில் டொனாற் பாங்கி, யானொஸ் சொங்கா என்னும் ஹங்கேரியர் இருவர் பெற்றோலைத் தூவலாக்கும் கருவிக்கு உரிமம் பெற்றனர். அதே ஆண்டில் மேபாக்கும் அத்தகைய கருவியொன்றை அமைத்தார். அதன் அடிப்படை 1738 இல் டானியல் பேணூலி வெளியிட்ட நூலில் விளக்கப்பட்ட பாய்பொருள் இயக்கமேயாகும். ஒடுங்கிய கழுத்தினூடு வளி விரைந்து செல்லும்போது அங்கு அதன் அமுக்கம் குறைகின்றது. அவ்விடத்தில் நுண்டுளையொன்று இருப்பின், கலத்திலுள்ள பெற்றோல் தானே மேலெழுந்து தூவலாய்ச் சிதறுகின்றது. வளி மிக விரைந்தால் அமுக்கம் மிகக் குறைகின்றது. பெற்றோலும் மிகுதியாக எழுகின்றது. அளப்பதும் கொடுப்பதும் ஒரே செயலில் அடங்கிவிடுதல் இக்கருவியின் நுட்பமாகும்.

பின் வந்தோர் இதனைப் படிப்படியாகத் திருத்தினர். கலத்தின் மட்டத்தை மிதவை காத்தது. மெதுவான ஓட்டத்துக்கு ஒரு ஜெற்றும் விரைந்த ஓட்டத்துக்கு வேறொரு ஜெற்றும் அமைந்தன. இடைப்பட்ட நிலைகளைக் கூரிய ஊசியொன்று ஒழுங்கு செய்தது. 1927 இல் இங்கிலாந்திலே தனித்தனி நிறுவனங்கள் இணைந்து பேர்மிங்ஹாம் நகரில் அமால் என்னும் பெயரைப் பெற்றன. பிரித்தானிய மோட்டார்ச் சைக்கிள்களுட் பெரும்பாலானவை பின்னர் அமால் காபுரேற்றரையே கொண்டிருந்தன. 1960 இல் யப்பானிய மிக்குனி நிறுவனம் அமாலின் உரிமத்தைப் பெற்றது. இவ்வாறு பேர்மிங்ஹாமின் கைத்திறன் யப்பானிய வண்டிகளோடு ஆசிய வீதிகளெங்கும் பரவலாயிற்று.

மோட்டார்ச் சைக்கிளுக்குக் காபுரேற்றர் ஏற்றதாய் அமைந்தமைக்குக் காரணம் வெளிப்படை. பெற்றோல் தாங்கி பொறிக்கு மேலே இருத்தலின் எரிபொருள் தன் பாரத்தாலேயே இறங்கியது, பம்பி வேண்டியதில்லை. மின்சாரமும் அதற்குத் தேவைப்படவில்லை. விலையும் பாரமும் குறைவு. பழுதுற்றால் ஒரு திருகாணிச் செலுத்தியும் ஒரு மெல்லிய கம்பியும் கொண்டு வீதியோரத்திலேயே திருத்தலாம். அதன் குறையும் மறைக்கத்தக்கதன்று. அது வளியின் வேகத்தை அறியுமேயன்றி அடர்த்தியைச் சரிவர அறியாது. 2,000 மீற்றர் உயரத்தில் வளியின் அடர்த்தி கடல்மட்டத்திலும் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்துவிடுகின்றது. சமவெளிக்கு இசைந்த காபுரேற்றர் மலையேறும்போது பெற்றோலை மிகையாகக் கொடுத்துக் கரும்புகை கக்குவது இதனாலேயே.

ஆகாயத்தில் நிகழ்ந்த சோதனை

எரிபொருளை வளியின் இழுவைக்கு விட்டுவிடாது, அளந்து அமுக்கத்தோடு செலுத்தும் முறை டீசல் பொறியோடு வளர்ந்தது. 1927 இல் ஜேர்மனியின் போஷ் நிறுவனம் டீசல் உட்செலுத்தற் பம்பியைத் தொகையாகச் செய்யத் தொடங்கியது. அந்த அனுபவம் பெற்றோலில் ஓடும் விமானப் பொறிக்கும் பயன்பட்டது.

1940 இல் பிரித்தானிய வானில் நிகழ்ந்த போரில் இரு முறைகளும் நேருக்கு நேர் மோதின. ஜேர்மன் மெசர்சிமித் 109 விமானத்தின் டைம்லர் பென்ஸ் பொறியில் உட்செலுத்தல் இருந்தது. ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் பொறியிலோ மிதவைக் காபுரேற்றர் இருந்தது. ஜேர்மன் விமானி மூக்கைத் திடீரெனக் கீழே சாய்த்துப் பாய்ந்தால் அவன் பொறி தடையின்றி ஓடியது. பின்தொடர்ந்த பிரித்தானிய விமானி அவ்வாறு செய்தபோது கலத்துப் பெற்றோல் மேலெழும்பிப் பொறி ஒரு கணம் அடங்கியது. 1941 இல் பாண்பரோ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பியற்றிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியியலாளர், நடுவே துளையுடைய சிறு உலோகத் துண்டொன்றை எரிபொருட் குழாயிற் பொருத்தி அக்குறையைப் பெரிதும் தணித்தார். இவ்வம்மையார் 1934 இல் புரூக்லண்ட்ஸ் திடலை நோட்டன் மோட்டார்ச் சைக்கிளில் மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வலம்வந்த வீராங்கனையுமாவார். காபுரேற்றரின் இயல்பை மோட்டார்ச் சைக்கிளில் நேரிற் பயின்றவரே வானிலும் அதனைக் காத்தார் என்பது நினைக்கத்தக்கது.

இதனால் உட்செலுத்தலே எவ்வாற்றானும் மேலானது எனக் கொள்ளுதல் பொருந்தாது. பெற்றோல் ஆவியாகும்போது வளியைக் குளிர்விக்கின்றது. குளிர்ந்த வளி அடர்த்தி மிக்கது. அதனால் ஆற்றல் பெருகுகின்றது. இந்நன்மை கருதியே றோல்ஸ் றொய்ஸ் பொறியியலார் காபுரேற்றரை விடாது பற்றினர். ஒவ்வொரு முறைக்கும் அதனதன் நியாயம் இருந்தது.

முதலாம் முயற்சியும் இரண்டாம் முயற்சியும்

போருக்குப் பின் 1950 களில் பி.எம்.டபிள்யூ, மோட்டோ குஸ்ஸி ஆகிய நிறுவனங்கள் தம் பந்தய மோட்டார்ச் சைக்கிள்களில் உட்செலுத்தலைச் சோதித்தன. 1954 இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். கார் அம்முறையோடு விற்பனைக்கு வந்தது. மோட்டார்ச் சைக்கிள் வீதிக்கு அது வரவில்லை. அக்காலத்துப் பம்பி முற்றும் இயந்திர அமைப்பினாலானது. மிக நுண்ணிய அளவிற் கடைந்த உலோக உறுப்புகள் அதற்கு வேண்டப்பட்டன. அதன் விலையையும் பாரத்தையும் ஏழைத் தொழிலாளியின் வாகனமாகிய மோட்டார்ச் சைக்கிள் தாங்கமாட்டாது. முதலாம் முயற்சி பந்தயத் திடலோடு நின்றது.

இரண்டாம் முயற்சிக்கு வழிவகுத்தது மின்னணுவியல். 1967 இல் போஷ் நிறுவனத்தின் மின்னணு உட்செலுத்தல் வொல்க்ஸ்வாகன் காரில் இடம்பெற்றது. எரிபொருளை மின்பம்பி அமுக்கத்தோடு வைத்திருக்கும். மின்காந்தத்தால் திறந்து மூடும் பீச்சுமுனை ஒவ்வொரு முறையும் எத்தனை மில்லிசெக்கன் திறந்திருத்தல் வேண்டும் என்பதை மின்சுற்று கணிக்கும். இதுவே இம்முறையின் சாரம். 1980 இல் யப்பானியக் கவசாக்கி நிறுவனம் இதனை இசட் 1000 வகை மோட்டார்ச் சைக்கிளிற் புகுத்தியது. மின்னணு உட்செலுத்தலோடு சந்தைக்கு வந்த முதல் மோட்டார்ச் சைக்கிள் இதுவேயாகும்.

அடுத்து வந்த ஆண்டுகளில் யப்பானிய நிறுவனங்கள் நான்கும் வளியை அமுக்கியூட்டும் டேர்போ வண்டிகளை வெளியிட்டன. 1982 இல் ஹொண்டாவின் சி.எக்ஸ். 500 டேர்போ கணினி வழி நடத்திய உட்செலுத்தலைக் கொண்டிருந்தது. சுசுக்கியும் கவசாக்கியும் அவ்வழியே சென்றன. யமஹா மட்டும் தன் எக்ஸ்.ஜே. 650 டேர்போவிற் காபுரேற்றரையே வைத்தது. இவ்வண்டிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. 1983 இல் பி.எம்.டபிள்யூ தன் கே 100 வண்டியில் உட்செலுத்தலை நிலைநாட்டிற்று. ஆயின், வழிகாட்டிய கவசாக்கியே 1984 இல் மணிக்கு 240 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகமுடைய ஜி.பி.இசட். 900 ஆர் வண்டிக்குக் காபுரேற்றரைத் தெரிந்தெடுத்தது. புதுமையை முதலில் ஏற்றவரே பழமைக்குத் திரும்பினர்.

இதற்குக் காரணம் பழமைப் பற்றன்று. அக்காலக் கணினியின் கணிப்பு கரடுமுரடானது. கைப்பிடியைச் சற்றே முறுக்கும்போது பொறி வெட்டி வெட்டி இழுத்தது. நான்கு சக்கரங்களில் நிற்கும் கார் அதனைப் பொறுக்கும். வளைவிற் சாய்ந்து செல்லும் இருசக்கர வண்டியில் அது விபத்துக்கு ஏதுவாகும். காபுரேற்றரோ யப்பானியர் கையில் மிகவும் செம்மையுற்றிருந்தது. 1987 இல் இத்தாலிய டுக்காட்டி நிறுவனம் 851 வண்டியில் உட்செலுத்தலைப் புகுத்தியது. 1990 இல் அவ்வண்டியில் றேமொன் றோஷ் உலக சுப்பர்பைக் வாகையைச் சூடினார். அவ்வெற்றியும் பிறரை உடனே மாற்றிவிடவில்லை. 1998 இல் 150 குதிரைவலுவோடு வெளிவந்து உலகை வியக்கவைத்த யமஹா ஆர் 1 நான்கு காபுரேற்றர்களைக் கொண்டிருந்தது. அது 2002 இலேயே உட்செலுத்தலுக்கு மாறிற்று. ஆற்றலும் வேகமும் மட்டுமே அளவுகோல்களாக இருந்திருப்பின், காபுரேற்றர் மேலும் பல ஆண்டு வாழ்ந்திருக்கும்.

சட்டம் அளித்த தீர்ப்பு

தீர்ப்பளித்தது சட்டம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978 ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து மோட்டார்ச் சைக்கிளின் புகைக்குக் கூட்டாட்சி எல்லை விதிக்கப்பட்டது. உற்பத்தியாளர் தொடக்கத்திற் காபுரேற்றரைக் கொண்டே அதனைச் சமாளித்தனர். கலவையை ஐதாக்கினர். புகைவழியில் வளியைச் செலுத்தி எஞ்சியவற்றை எரித்தனர். கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகாணியை உலோக மூடியால் அடைத்தனர். இவ்விறுதிச் செயல் கருதத்தக்கது. ஓட்டுநரின் கையிலிருந்த உரிமையைச் சட்டம் எடுத்துக்கொண்டது உட்செலுத்தல் பரவுதற்கு முன்னரேயாம்.

ஐரோப்பாவில் 1999, 2003, 2006 ஆகிய ஆண்டுகளில் விதிகள் படிப்படியாக இறுகின. 2016 இலும் 2020 இலும் மேலும் இறுகின. புகையைத் தூய்மையாக்கும் மும்முனை ஊக்கி இவ்விதிகளால் இன்றியமையாததாயிற்று. காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு ஆகிய மூன்றையும் அது ஒருங்கே மாற்றவல்லது. ஆயின் கலவை 14.7 என்னும் அளவை மிகக் கிட்ட நிற்கும்போதே அது செவ்வனே தொழிற்படும். அதற்காகப் புகைவழியிலே ஒட்சிசன் உணரி வைக்கப்படுகின்றது. உணரி கூறுவதைக் கேட்டுக் கணினி பீச்சுமுனையை நொடிதோறும் திருத்துகின்றது. வெளியேறிய புகையைக் கண்டு அடுத்த ஊட்டலைத் திருத்தும் ஆற்றல் சாதாரண காபுரேற்றருக்கு இல்லை. 1991 இல் பி.எம்.டபிள்யூ இவ்வொழுங்கமைந்த ஊக்கியைத் தன் மோட்டார்ச் சைக்கிள்களிற் பொருத்தத் தொடங்கியது. காலப்போக்கில் ஏனையோரும் பின்தொடர்ந்தனர்.

சட்டத்துக்கு அஞ்சி மேற்கொண்ட மாற்றங்கள் யாவும் உடனே பலித்தன என்பதற்கில்லை. 1997 இல் இத்தாலியப் பிமோட்டா நிறுவனம் வெளியிட்ட 500 விடூவே என்னும் ஈரடிப்பு வண்டியின் உட்செலுத்தல் பிழைத்தது. விற்ற வண்டிகளை மீளப் பெற நேர்ந்தது. பின்னர் அவ்வண்டிக்குக் காபுரேற்றரே பொருத்தப்பட்டது. ஈரடிப்புப் பொறியுடைய கரட்டுவழிப் பந்தய வண்டிகளில் ஒஸ்திரியாவின் கே.ரீ.எம். நிறுவனம் உட்செலுத்தலைத் தொகையாகப் புகுத்தியது 2017 இலாகும். இடையிற் சென்றவை இருபது ஆண்டுகள்.

சிறு வண்டிகளே உலகில் மிகுதி. 1958 இற் பிறந்த ஹொண்டாவின் சுப்பர் கப் 2007 இல் உட்செலுத்தலை ஏற்றது. இந்தியாவில் 2006 இல் ஹீரோ ஹொண்டாவின் கிளாமர் என்னும் 125 சி.சி. வண்டி அம்முறையோடு வெளிவந்தது. விலை மிகுதியால் ஏனையவை உடனே பின்பற்றவில்லை. 2020 ஏப்பிரல் 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த பாரத் ஆறாம் நிலை விதியே அந்நாட்டு வண்டிகளுட் பெரும்பாலானவற்றை மாற்றியது. முந்திய நிலை வண்டிகளை 2020 மார்ச் 31 க்குப் பின் விற்றலாகாது என இந்திய உச்ச நீதிமன்றம் 2018 இலேயே ஆணையிட்டிருந்தது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் நிறுவனம் 2008 அளவில் பொன்வில் வண்டிக்கு உட்செலுத்தலை அளித்தபோது, அதன் வெளிக்கூட்டைப் பழைய காபுரேற்றரின் வடிவிலேயே வார்த்தது. ஆட்சி மாறிய பின்னும் பழைய அரசனின் முடியைப் புதியவன் அணிந்தான் எனலாம்.

இலங்கையின் வடபகுதி கண்ட உண்மை

காபுரேற்றரின் தகுதியை ஏட்டிலன்றி வாழ்விற் கண்டறிந்தோர் யாழ்ப்பாணத்தார். 1990 களிற் பொருளாதாரத் தடையால் வடபகுதிக்குப் பெற்றோல் வருதல் நின்றது. கிடைத்த பெற்றோலின் விலை எளியோர்க்கு எட்டாததாயிற்று. அந்நிலையில் மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதன்று; குளிர்ந்த பொறியை அது கிளப்பாது. சிறு போத்தலிற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபுரேற்றரில் விட்டுப் பொறியைக் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓடவிடும் முறை ஊரெங்கும் பழக்கமாயிற்று. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், ஆசிரியர் பாடசாலைக்குச் சென்றதும், குடும்பத்தோடு இடம்பெயர்ந்ததும் இவ்வாறே. உள்ளே வருவது எது என்று காபுரேற்றர் வினவுவதில்லை. வளி இழுத்ததைக் கொடுக்கும். அதன் உறுப்பு யாவும் கண்ணுக்குத் தெரிவன, கைக்கு எட்டுவன. தொழிற்சாலையின் துணையின்றித் திருத்துநர் அதனைத் தம் தேவைக்கு வளைத்தனர். கணினிக்கும் உணரிக்கும் கட்டுப்பட்ட இன்றைய வண்டி அத்தகைய தடைக்காலத்தில் அவ்வளவு எளிதில் வளைந்து கொடாது.

இதன் மறுபக்கத்தையும் நேர்மையாகக் கூறுதல் வேண்டும். மண்ணெண்ணெய் வண்டிகள் கக்கிய வெண்புகையை வீதியில் நடந்த சிறுவரும் முதியோருமே சுவாசித்தனர். காபுரேற்றரின் தாராளம் அதன் குற்றமுமாகும். அளவு தவறினும் அது ஓடும். தவறிய அளவின் கேட்டை ஓட்டுபவன் அறியான், அயலில் நிற்பவன் அனுபவிப்பான். சட்டம் காத்தது அந்த அயலானை. ஆகவே, உட்செலுத்தலின் வெற்றியைத் தொழிற்சாலைகளின் சூழ்ச்சி என இகழ்வதும், காபுரேற்றரைப் பழம்பொருள் என எள்ளுவதும் ஒருதலைப்பட்சமானவை.

முடிபு

மேற்கூறியவற்றாற் போந்த முடிபு இது. உட்செலுத்தலை மூன்று காலத்தினர் மூன்று காரணங்களுக்காக நாடினர். 1950 களில் வெற்றிக்காகவும், 1980 களிற் புதுமைக்காகவும் நாடியபோது அது நிலைபெறவில்லை. தூய வளிக்காகப் பொதுமக்கள் சார்பிற் சட்டம் வேண்டியபோதே நிலைபெற்றது. அதற்கு ஈடாகக் கொடுக்கப்பட்டது, வீதியோரத்திலேயே தன் வண்டியைத் தானே திருத்தும் சுதந்திரம். காபுரேற்றரைப் பற்றிய அறிவு திருத்துநரின் விரல்களில் இருந்தது. குருவின் பக்கத்தில் நின்று சீடன் அதனைக் கற்றான். உட்செலுத்தலைப் பற்றிய அறிவோ முத்திரையிட்ட பெட்டிக்குள் இருக்கின்றது. அதனைப் படித்தறியும் கருவியும் குறியீடும் உள்ளவர்க்கே அது திறக்கும்.

ஆயின் அப்பெட்டி மந்திரத்தால் இயங்குவதன்று. அமுக்கம், வெப்பநிலை, மின்தடை, தகனம் என்று பாடசாலை ஆய்வுகூடத்திற் கற்பிக்கப்படுபவையே அதனுள் தொழிற்படுகின்றன. அவற்றைப் பரீட்சைக்கு மட்டும் படித்து விடுவோர்க்கு அது பூட்டிய பெட்டியாகவே இருக்கும். பேணூலியின் விதியை ஜெற்றிலும், மின்தடையின் விதியை உணரியிலும் பொருத்திக் காண்போர்க்கு இரண்டும் திறக்கும். பழைய காபுரேற்றர் வண்டிகள் வீதியில் ஓடிக்கொண்டிருக்க, புதியவை அவற்றின் அருகே வந்து நிற்கும் இக்காலத்தில், தொழிற்பட்டறையையும் ஆய்வுகூடத்தையும் வேறுவேறாகக் கருதாத மாணவரே நாட்டுக்கு வேண்டப்படுகின்றனர்.